இடுகாட்டில் புதையல் வேட்டையா? அமெரிக்கச் சோளக்காட்டு நடுவே ஒரு பழைய கதை

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். இரவு ஷிப்ட் முடிந்து வந்து நாலைந்து நாள் உட்கார்ந்து எழுதியது. ஒரு டீ போட்டு வெச்சுக்கிட்டு பொறுமையா படிங்க.

போன மாதம் துப்புரவுப் பணி முடிந்து கோயில் மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நம்ம குழுவில் உள்ள ஒரு தம்பி கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். சுத்தி எங்க பார்த்தாலும் மக்காச்சோளக் காடு. நடுவில் ஒரு சின்னத் திட்டு. நாலு மரம். சாய்ந்தும் உடைந்தும் கிடக்கிற பத்துப் பதினைந்து கல்லறைக் கற்கள். வேலியோரம் ஒருத்தர் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருக்கிறார்.

"என்ன தம்பி, எதையாவது தொலைச்சிட்டாரா?" என்று கேட்டோம்.

"இல்லண்ணே, இது ஒரு விளையாட்டு. ஜியோகேச்சிங்னு பேரு. யாரோ ஒளிச்சு வெச்ச டப்பாவை ஜி.பி.எஸ். வெச்சுத் தேடறாரு."

பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் உடனே முகம் சுளித்தார். "இடுகாட்டுல போயி விளையாட்டா? செத்தவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. இடுகாட்டுக்குப் போய் வந்தால் தலை முழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டோம். அங்கே போய் டப்பா தேடுவதா? ஆனால் விஷயம் தெரியாமல் ஏசக்கூடாது என்று தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க எங்கள் நினைப்பு மாறிப்போச்சு. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

முதலில் இந்த விளையாட்டு வந்த கதை.

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவம் உருவாக்கியது. அந்தக் காலத்தில் பொதுமக்கள் கருவிகளுக்கு வரும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து விடுவார்கள். நிற்கிற இடம் ஒன்று, கருவி காட்டுகிற இடம் 100 மீட்டர் தள்ளி இருக்கும். 2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளிண்டன் உத்தரவால் அந்தப் பிழையை நிறுத்தினார்கள். ஒரே இரவில் உலகம் முழுக்க இருந்த கருவிகள் பல மடங்கு துல்லியமாகி விட்டன.

உடனே மே 3-ம் தேதி டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊர்ப் பக்கம் காட்டில் ஒரு கறுப்பு வாளியை வைத்தார். அதில் புத்தகம், மென்பொருள், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ், ஒரு நோட்டு, ஒரு பென்சில். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டார். "கண்டுபிடிங்க, ஒன்றை எடுத்தால் ஒன்றை வைங்க, நோட்டில் எழுதுங்க." இவ்வளவுதான் விதி. சில நாட்களில் ஆட்கள் கண்டுபிடித்து விட்டார்கள். அதே மாதம் ஜியோகேச்சிங் என்று பெயர் வந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேல் டப்பாக்கள் இருக்கின்றன.

தொழிற்சாலையில் வேலை செய்கிற நமக்கு இது எளிதாகப் புரியும். ஷிப்ட் மாறும்போது லாக் புக்கில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம் இல்லையா? "நான் வந்தேன், பார்த்தேன், அடுத்தவருக்கு விட்டுப் போகிறேன்" என்பதுதான் அந்தக் கையெழுத்து. இந்த டப்பாவுக்குள் இருக்கிற நோட்டும் அதேதான்.

சரி, இது ஏன் இடுகாட்டுக்குப் போனது? அதற்கு அந்த இடுகாடுகள் என்ன என்று தெரிய வேண்டும்.

அமெரிக்காவின் நடுப்பகுதி மாநிலங்களான இந்தியானா, இல்லினாய், அயோவா எல்லாம் இன்றைக்குச் சோளமும் சோயாவும் விளைகிற பூமி. 1785-ல் ஒரு சட்டம் போட்டு, நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரமாக அளந்தார்கள். ஒவ்வொரு சதுரமும் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 640 ஏக்கர் வீதம் 36 துண்டுகள். மேலே இருந்து பார்த்தால் கட்டம் போட்ட கைலி மாதிரி இருக்கும். 1820-க்குப் பிறகு அரசாங்கம் ஏக்கர் 1.25 டாலருக்கு விற்றது. 1862-ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் உனக்கே என்றது. கிழக்கிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மாட்டு வண்டியில் வந்தார்கள். இவர்களைத்தான் அங்கே "பயனியர்" என்று சொல்கிறார்கள். முன்னோடிக் குடியேறிகள்.

வந்த இடத்தில் டாக்டர் இல்லை, ரோடு இல்லை, பல இடங்களில் தேவாலயம்கூட இல்லை. காலரா, மலேரியாக் காய்ச்சல், தொண்டை அடைப்பான், பிரசவம். சாவு மட்டும் எல்லா வீட்டுக்கும் வந்தது. செத்தவரை எங்கே கொண்டு போவது? சொந்த நிலத்திலேயே தண்ணீர் தேங்காத ஒரு மேட்டைப் பார்த்துப் புதைத்தார்கள். அடுத்த வீட்டுக்காரரும் அங்கேயே கொண்டு வந்தார். இப்படித்தான் பத்துக் குழி, இருபது குழி உள்ள சின்னச் சின்ன இடுகாடுகள் வயல் நடுவே ஆயிரக்கணக்கில் உண்டாயின.

ஒரு உதாரணம் சொல்கிறோம். எல்லாருக்கும் தெரிந்த குடும்பம்.

1816-ல் தாமஸ் லிங்கன் என்பவர் மனைவி நான்சி, மகள் சாரா, மகன் ஆபிரகாம் ஆகியோருடன் கென்டக்கியிலிருந்து இந்தியானா காட்டுக்கு வந்தார். லிட்டில் பிஜன் கிரீக் என்ற குடியேற்றம். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, 1818-ல் "பால் நோய்" என்ற ஒரு நோய் பரவியது. பால் குடித்தவர்களுக்கு உடம்பு நடுங்கும், வாந்தி வரும், சில நாளில் உயிர் போய்விடும். முதலில் நான்சியின் உறவினர் ஸ்பேரோ தம்பதியர் போனார்கள். அடுத்து, அக்டோபர் 5-ம் தேதி நான்சி. வயது 34. ஆபிரகாமுக்கு 9 வயது. அப்பா பலகை அறுத்துப் பெட்டி செய்ய, அந்தச் சின்னப் பையன் பெட்டிக்கு மர ஆணி சீவிக் கொடுத்தான் என்று சொல்வார்கள். அந்தப் பையன்தான் பின்னாளில் அதிபர் ஆபிரகாம் லிங்கன்.

எதனால் அந்த நோய்? காட்டோரம் வெள்ளைப் பூ பூக்கிற ஒயிட் ஸ்னேக்ரூட் என்ற செடி. மாடு அதை மேய்ந்தால் விஷம் பாலில் இறங்கும். இல்லினாய் காட்டில் அன்னா என்ற மருத்துவச்சிக்கு ஷானி இனத்துப் பழங்குடி மூதாட்டி ஒருவர் அந்தச் செடியைக் காட்டிக்கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. படித்தவர்கள் அதன் நச்சை ஆய்வுக்கூடத்தில் பிரித்துக் காட்ட 1928 வரை ஆனது. நூறு வருடத்துக்கு மேல்!

இதில் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. நாட்டின் அதிபரைப் பெற்ற தாயின் குழிமேல் ஐம்பது வருடத்துக்கு மேல் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை. லிங்கன் சுடப்பட்டு இறந்தது 1865-ல். அதற்கும் பிறகு, 1879-ல், வண்டி செய்யும் கம்பெனி வைத்திருந்த ஸ்டூட்பேக்கர் என்பவர் கொடுத்த கல்தான் இன்றைக்கும் நிற்கிறது. அதுவும் சரியாக அதே குழிமேல்தான் நிற்கிறதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதே மேட்டில் அவரோடு புதைக்கப்பட்ட அக்கம்பக்கத்தார் பலருடைய குழி எது என்பதே தெரியாது.

லிங்கனின் அம்மாவுக்கே இந்த நிலை என்றால், மற்ற ஏழை விவசாயிகளின் குழிகள் என்ன ஆகியிருக்கும்?

அதையும் படித்தோம். பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டு இன்னும் மேற்கே போனார்கள். ரயில் பாதை வேறு பக்கம் போனதால் சில ஊர்களே காலியாயின. புதிதாக நிலம் வாங்கியவருக்கு அது யார் குழி என்று தெரியாது. டிராக்டர் வந்த பிறகு வயல் நடுவே ஒரு திட்டு இருந்தால் உழவுக்கு இடைஞ்சல். கற்களைப் பிடுங்கி வேலியோரம் அடுக்கினார்கள். படிக்கல்லாகப் போட்டவர்களும் உண்டு. பளிங்குக் கல்லில் வெட்டிய எழுத்தை மழையும் காற்றும் கரைத்துவிட்டன. இரண்டு தலைமுறையில் எல்லாம் மறைந்தது.

ஆனால் மண் அவ்வளவு சீக்கிரம் மறக்காது போல. தொலைந்த இடுகாட்டைக் கண்டுபிடிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது செடிகளைத்தான். வயல் நடுவே காரணமில்லாமல் ஒரு பழைய சீடார் மரம் நின்றால், யாரும் நடாத இடத்தில் ஐரிஸ், பியோனிப் பூக்கள் வருடா வருடம் பூத்தால், தரையோடு பெரிவிங்கிள் கொடி படர்ந்திருந்தால், அங்கே குழிகள் இருக்கலாம். யாரோ ஒரு அம்மா தன் பிள்ளையின் குழிமேல் நட்ட செடி அது. நம்ம ஊரில் நித்தியகல்யாணி, சுடுகாட்டு மல்லி என்று சொல்கிறோமே, அந்தப் பூவும் இந்தப் பெரிவிங்கிளும் ஒரே குடும்பம். உலகத்தின் இரண்டு மூலையிலும் ஒரே வகைப் பூ இடுகாட்டில் பூக்கிறது பாருங்கள்.

கற்களையும் படிக்கத் தெரிய வேண்டும். சின்ன ஆட்டுக்குட்டி செதுக்கியிருந்தால் அது குழந்தை. மொட்டு ஒடிந்திருந்தால் இளம் வயதில் போனவர். இரண்டு கைகள் பற்றியிருந்தால் பிரிவும் மறு சந்திப்பும். வயதை வருடம், மாதம், நாள் என்று கணக்குப் போட்டு எழுதுவார்கள். "2 வயது 4 மாதம் 11 நாள்" என்கிற மாதிரி. பிள்ளையை இழந்தவர்கள்தானே நாள் கணக்கு வைப்பார்கள்.

இன்னொரு அதிசயமும் இருக்கிறது. இல்லினாய் மாநிலத்தில் ஒரு காலத்தில் 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் புல்வெளி இருந்தது. ஆள் உயரப் புல், பத்தடிக்கும் மேல் கீழே இறங்கிய வேர். 1837-ல் ஜான் டீர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை செய்த பிறகு அந்தப் புல்வெளி முழுக்க உழுது தீர்ந்தது. இன்றைக்கு மிஞ்சியது ஏதோ இரண்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர்தான். அதில் சில துண்டுகள் எங்கே இருக்கின்றன தெரியுமா? இடுகாட்டில். கலப்பை வரும் முன்னே வேலி போட்டுவிட்டதால் அந்த மண் மட்டும் ஒரு நாளும் உழப்படவில்லை. இல்லினாயில் பேக்ஸ்டன் ஊரின் புராஸ்பெக்ட் இடுகாடு, லோடா இடுகாடு, அயோவாவில் ராச்செஸ்டர் இடுகாடு எல்லாம் அப்படித் தப்பியவை. சில இடங்களில் சுற்றியுள்ள வயல் மண் கரைந்து கரைந்து, இடுகாடு மட்டும் மேடாக நிற்கும். செத்தவர்கள் காவல் காத்த மண் என்று எங்களுக்குத் தோன்றியது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். "முன்னோடி" என்று சொன்னாலும் அந்த நிலம் காலியாக இருக்கவில்லை. அங்கே ஏற்கனவே ஜனங்கள் இருந்தார்கள். 1830-ல் பழங்குடி மக்களை மேற்கே அனுப்பச் சட்டம் வந்தது. 1838 செப்டம்பரில் இந்தியானாவின் ட்வின் லேக்ஸ் பகுதியிலிருந்து 859 பொத்தவாத்தமி மக்களைத் துப்பாக்கி முனையில் கன்சாஸ் வரை 660 மைல் நடத்திக் கொண்டு போனார்கள். இரண்டு மாதம். வழியில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். வழியோரமே புதைத்துவிட்டு நடந்தார்கள். அந்தப் பாதைக்கு "மரணப் பாதை" என்று பெயர். குடியேறியவர்களுக்காவது ஒரு கல், ஒரு வேலி மிஞ்சியது. இவர்களுக்கு அதுவும் இல்லை. பிற்காலத்தில்தான் வழி நெடுக நினைவுக் கற்கள் வைத்தார்கள். ஒரு மண்ணின் கதையைச் சொன்னால் இரண்டு பக்கமும் சொல்வதுதான் நியாயம்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். இடுகாட்டில் விளையாடலாமா?

அமெரிக்காவிலும் இதே கேள்வி எழுந்தது. 2005-ல் தென் கரோலினா மாநிலச் சட்டமன்றத்தில், அனுமதி இல்லாமல் இடுகாட்டிலும் வரலாற்று இடங்களிலும் ஜியோகேச்சிங் செய்வது குற்றம் என்று ஒரு மசோதா கொண்டு வந்தார்கள். கீழ்சபை நிறைவேற்றியது. மேல்சபையில் நின்றுபோனது. எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. யாராவது பழைய கல்லில் சாய்ந்து, அது விழுந்து உடைந்தால் திரும்பக் கிடைக்குமா? கல்லறைமேல் ஏறி நின்று படம் எடுப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஆனால் ஒழுங்காகச் செய்கிறவர்களின் முறையைப் பாருங்கள். டப்பாவை மண்ணில் புதைக்கக்கூடாது, அதற்காகக் குழி தோண்டவே கூடாது. கல்லறைமேல் வைக்க மாட்டார்கள். வேலிக் கம்பத்திலோ வாசல் பக்கத்து மரத்திலோ வைப்பார்கள். நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். இருட்டிய பிறகு போகக்கூடாது. அடக்கம் நடந்துகொண்டிருந்தால் திரும்பி வந்துவிட வேண்டும். தேசியப் பூங்காக்களில் அனுமதி இல்லாமல் டப்பா வைக்கவே முடியாது. நான்சி லிங்கனின் இடுகாடு இருக்கிற நினைவிடமும் அந்த நிர்வாகத்தின் கீழ்தான்.

இன்னும் ஒரு முறை இருக்கிறது. எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. டப்பா இடுகாட்டுக்குள் இருக்காது. இடுகாட்டுக்குப் போய், "வடக்கு மூலையில் உள்ள கல்லில் அந்தப் பெண்மணி பிறந்த வருடம் என்ன? பக்கத்தில் அவர் மகன் இறந்த வருடம் என்ன?" என்று பார்த்து, அந்த எண்களைக் கணக்குப் போட்டால்தான் டப்பா இருக்கும் இடம் கிடைக்கும். அதாவது, டப்பா வேண்டுமென்றால் பெயரைப் படித்தே ஆகணும். நூறு வருடமாக யாரும் வாய்விட்டுப் படிக்காத ஒரு பெயரை, எங்கிருந்தோ காரில் வந்த ஒரு சின்னப் பையன் படிக்கிறான். "அம்மா, இந்தப் பாப்பா என்னைவிடச் சின்னதும்மா" என்று அவன் சொன்னால், அது விளையாட்டா, அஞ்சலியா?

இந்தியானாவிலும் ஓஹாயோவிலும் "ஸ்பிரிட் குவெஸ்ட்" என்று ஒரு வரிசையே இருக்கிறது. கிராமத்து இடுகாடுகளுக்கு ஆட்களை வரவழைக்கிற டப்பாக்கள். அங்கே புதைந்திருப்பவர்களின் கதையைத் தேடி எழுதிப் போடுகிறார்கள். இதே ஜி.பி.எஸ். வைத்து வேறு தொண்டும் நடக்கிறது. கல்லறைகளைப் பதிவு செய்யும் "ஃபைண்ட் எ கிரேவ்" என்ற தளத்தை ஜிம் டிப்டன் என்பவர் 1995-ல் தொடங்கினார். "பில்லியன் கிரேவ்ஸ்" என்ற செயலியில் கல்லைப் படம் எடுத்தால் இடமும் சேர்ந்து பதிவாகும். பேரப்பிள்ளைகள் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம்.

சட்டமும் கொஞ்சம் கை கொடுக்கிறது. அயோவாவில் கடந்த 50 வருடத்தில் 12 அடக்கமோ அதற்குக் குறைவாகவோ நடந்த இடம் "முன்னோடி இடுகாடு" எனப்படும். இந்தியானாவில் கேட்பாரற்ற பழைய இடுகாடுகளைப் பராமரிப்பது டவுன்ஷிப் அதிகாரியின் பொறுப்பு. இடுகாட்டிலிருந்து 100 அடிக்குள் கட்டடம் கட்ட வேண்டுமானால் மாநில அரசின் அனுமதி வேண்டும். ஆனால் சட்டம் புல் வெட்டாது இல்லையா? வார இறுதியில் வந்து புல் வெட்டுவதும், மென்மையான தூரிகையும் தண்ணீரும் வைத்துக் கல்லைக் கழுவுவதும் தொண்டர்கள்தான். குளோராக்ஸ் ஊற்றக்கூடாது, கம்பி பிரஷ் போடக்கூடாது, பிரஷர் பம்ப் அடிக்கக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்கிறார்கள். ஒரு நாள் பளிச்சென்று இருக்கும், பத்து வருடத்தில் எழுத்தே இருக்காது.

இதையெல்லாம் படித்தபோது எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஆறு பேர், ஒரு பாட்டியை அழைத்துக்கொண்டு, அவர் பிறந்த பழைய தோட்டத்து இடுகாட்டுக்குப் போனோம். லயன் வீடுகள் இடித்தாகிவிட்டது. பால் மரம் போய் செம்பனை வந்துவிட்டது. பாராங் வைத்து லாலாங் புல்லை வெட்டி வெட்டி உள்ளே போனோம். சிமெண்டுக் கல்லறை நாலைந்து கிடைத்தது. ஆணியால் கீறிய எழுத்து, பாதி அழிந்து போச்சு. பாட்டி ஒரு மணி நேரம் தேடினார். தன் அப்பாவின் குழி எது என்று அவரால் காட்ட முடியவில்லை. கடைசியில் ஒரு மரத்தடியில் சூடம் ஏற்றி, "எங்க இருந்தாலும் இதை ஏத்துக்கப்பா" என்று கும்பிட்டுவிட்டு வந்தார். திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை.

நம்ம முன்னோர்களும் காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்கள்தான். காய்ச்சலில் செத்தவர்கள்தான். ஒரு வித்தியாசம், அவர்களுக்கு 160 ஏக்கர் கொடுக்க எந்தச் சட்டமும் வரவில்லை. புதைத்த ஆறடி மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டம் கை மாறினால் இடுகாடும் சேர்ந்து கை மாறும்.

அதனால் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். டப்பா ஒளித்து வைக்கச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் 70, 80 வயதுப் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் தோட்டத்து இடுகாடு எங்கே இருந்தது என்று இந்த வாரமே கேளுங்கள். முடிந்தால் அனுமதி வாங்கி ஒரு முறை அழைத்துப் போங்கள். கல்லறையில் தெரிகிற பெயரை, வருடத்தை, அப்படியே படம் எடுங்கள். கைப்பேசி வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்துச் சேமியுங்கள். கல் இல்லாத குழியாக இருந்தாலும் பரவாயில்லை. "இந்த மரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தாத்தா" என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எதையும் தோண்ட வேண்டாம், கல்லை இடம் மாற்ற வேண்டாம். அனுப்பி வைத்தால் தொண்டர் குழுவில் ஒரு பதிவேடு தொடங்கலாம் என்று பேசியிருக்கிறோம்.

முகம் சுளித்த அந்த அம்மாவிடம் இதையெல்லாம் போன வெள்ளிக்கிழமை சொன்னோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்க தாத்தா குழியிலயும் கல்லு இல்ல. ஆனா பக்கத்துல ஒரு பெரிய பலாமரம் இருந்துச்சு. மரம் இன்னும் இருக்கான்னு தெரியல, ஒரு நாள் பார்த்துட்டு வரலாமா?" என்று கேட்டார்.

அடுத்த விடுமுறை ஞாயிறு போகிறோம். வர விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள். ரப்பர் பூட்ஸும் தண்ணீர் போத்தலும் எடுத்து வாருங்கள், பாராங் எங்களிடம் இருக்கிறது.